பல்பொடி விற்கிற ராஜா

இன்று ராயபுரம் ரயிலடியில் என் வீட்டுக்காரரின் ராஜா உடுப்பைப் பார்த்தேன்.

அவர் பழங்காலத்து ராஜாக்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். நான் தைத்துக் கொடுத்த அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் தெருத்தெருவாக விற்பார். அவர் தவறிப்போனதும் அவருடைய தோஸ்து ஏகாம்பரம் வந்து, "மிச்சத்த நான் வித்துத் தரேன் அண்ணி" என்றான். நம்பி, ஒரு புத்தகம்கூட வைத்துக்கொள்ளாமல் உடுப்போடு கொடுத்தேன்.

இன்று அதைப் போட்டுக்கொண்டு பல்பொடி விற்கிறான். பொட்டலமெல்லாம் அவர் எழுதிய தாள்.

"இன்னா தம்பி இது?"

"கோச்சுக்காத அண்ணி. புக்கா ஒருத்தனும் வாங்கல. இப்ப பாரு, வூட்டுக்கு வூடு அண்ணன் எய்த்து போவுது!"

ஒரு பொட்டலம் வாங்கி வந்து, பொடியைக் கொட்டிவிட்டுத் தாளை நீவி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அந்தப் பல்பொடி இருந்தால் தாளை மட்டும் எனக்குக் கொடுங்கள். பல் தேய்த்து முடித்த பிறகு கொடுத்தால் போதும்.