காணிப்பாக்கம் பஸ்சும் காலி ஹாலும்

இன்னும் கோபம் அடங்கல.

திருப்பதியில மா விவசாயம் பத்தி ஒரு மாநாடு. என்கூட வேலை செய்யற நகரி வசந்திக்கு இதுதான் முதல் மேடை. மாங்கூழ் ஃபேக்டரிக் கழிவை எருவாக்குறதைப் பத்தி ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கா.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சி மைக் முன்னாடி வந்து நின்னா. ஹால்ல என்னைத் தவிர யாருமே இல்ல!

வெளிய, காணிப்பாக்கம் கோயிலும் சந்திரகிரி கோட்டையும் சுத்திக் காட்டுற பஸ்ல எல்லாரும் ஏறிக்கினு இருந்தாங்க. அமர்வுத் தலைவரே ஜன்னல் சீட்டுல.

நானும் ஏறினேன். "சார், வசந்தி பேசணும்."

"பர்வாலேது, பரவாயில்லம்மா, பி.பி.டி.யை மெயில் பண்ணச் சொல்லுங்க. கோட்டையை மூடிடுவாங்க."

"கோட்டை நாளைக்கும் இருக்கும் சார். அவ பேச்சு இன்னிக்கு மட்டும்தான். நீங்க இறங்காம நான் இறங்க மாட்டேன்."

டிரைவர் இன்ஜினை அணைச்சிட்டாரு.

தலைவர் முணுமுணுத்துக்கினே இறங்கினாரு. பின்னாலயே இன்னும் நாலு பேர். வசந்தி மறுபடி மைக் முன்னாடி வந்தா. முழுசாப் பேசி முடிச்சா. ஒருத்தர் கேள்விகூட கேட்டாரு.

இப்ப மாநாட்டு வாட்ஸ்அப் குரூப்புல தலைவர் என்னை "மரியாதை தெரியாத பொண்ணு"ன்னு எழுதியிருக்காரு.

ஊர் சுத்தத்தான் மாநாடுன்னா அழைப்பிதழ்லயே போட்டுடலாமே? உங்க மாநாடுங்க எல்லாம் எப்படி, சொல்லுங்க.