முப்பத்தெட்டாம் வரியில் நின்ற தாள்

பொய் சொல்லி அறியாதவன் என்று என்னைப் பற்றி நான் எழுத முடியாது. ஒரு பொய் சொன்னேன். அதனால்தான் இது நடந்தது. நம்பாதவர்கள் என் தம்பியைக் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம் அப்பாவின் பெயரில் நடப்பது. கருவி, முடிவுகளை வரி வரியாக ஒரு ஃபைலில் எழுதும். மொத்தம் நாற்பத்தொரு வரி. கடைசி வரி விழுந்த பிறகே பிரிண்டர் அதைத் தொடும்படி தம்பி புரோகிராம் எழுதியிருந்தான். அதற்கு நாற்பது விநாடி ஆகும். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அந்தக் காத்திருப்பை எடுத்துடு," என்றேன்.

"அரைவேக்காட்டை அப்படியே எடுத்துக் குடுக்கச் சொல்றீங்களா அண்ணா?"

"எனக்கே பாடம் எடுக்காத."

எடுத்துவிட்டான்.

எட்டு மாதத்துக்கு முன்பு, மாலை 4.12. ஒரு தையல்காரம்மாவின் தாள் அச்சாகி வந்தது. வாங்கிப் பார்த்தவள் திரும்ப நீட்டினாள்.

"ஐயா, பாதியில நிக்குதே. மீதி?"

"மேல எங்க அப்பா பேர் போட்டிருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்?"

போய்விட்டாள். நான்காம் நாள் இறந்துபோனாள்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். தாளில் வராத மூன்று வரிகளில்தான் ஆபத்து இருந்தது. பொட்டாசியம் 7.1, இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு. மருத்துவர் அதைப் பார்க்கவேயில்லை.

ஃபைலை அழித்தேன். அவள் மகள் வந்து கேட்டபோது, "கருவி கொடுத்ததே அவ்வளவுதான்," என்றேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்றே வீட்டை விட்டுப் போனான்.

போன ஞாயிறு. கூடத்துக்கு விடுமுறை. அப்பாவின் படத்தைத் துடைக்கப் போனேன். காலை 11.20. நல்ல வெயில். பூட்டைத் திறந்தேன்.

உள்ளே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

டக்... டக்... டக்... தையல் மெஷின் ஓடுவதுபோல.

திரையில் அவள் எண். நான் அழித்த அதே ஃபைல். தாள் முப்பத்தெட்டாம் வரியில் நின்றது.

கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டுக்குமான பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

டக்... டக்...

சத்தம் நிற்கவில்லை.

11.44. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஐயா... மீதி?"

திரும்பவில்லை.

பேனாவை எடுத்தேன். மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். எழுதினேன். கீழே, 'மறைத்தவன் நான்'. கையெழுத்து. சுவர்க் கடிகாரத்தில் 11.52.

சத்தம் நின்றது.

அந்தத் தாளோடு மகள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"இதை மனசுல வெச்சுக்கிட்டு எட்டு மாசமா எப்படி ஐயா சோறு இறங்குச்சு?"

தாளை அவளிடம் நீட்டினேன்.

திங்களன்று கூடத்தைத் திறக்கவில்லை. செவ்வாயன்று தம்பியைக் கூப்பிட்டேன். வந்தான். கம்ப்யூட்டரைத் திறந்தவன் திரையை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணா, இதை யார் எழுதினது?"

அந்த ஃபைல் அங்கே இருந்தது. நாற்பத்தொரு வரியும் முழுதாக. எழுதத் தொடங்கிய நேரம், எட்டு மாதத்துக்கு முன்பு, மாலை 4.12. எழுதி முடித்த நேரம், ஞாயிறு காலை 11.52.

பிளக்கை மறுபடி மாட்டியதே அவன்தான். செவ்வாய்க்கிழமை.