சிடுமூஞ்சிக்குக் குரல் கொடுத்தவள்

அவள் குரலை நாடே அறியும். முகத்தை அடுத்த தெருவில்கூட யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே "ஆரம்பிச்சிட்டியாய்யா உன் புராணத்தை" என்று காலேஜ் பெண்கள் அவளைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேலி செய்கிறார்களே என்பதல்ல அவள் எரிச்சல். ஒருத்திக்காவது அந்த இழுப்பு சரியாக வரக்கூடாதா என்பதுதான்.

ஞாயிறு மாலையில் வரும் அந்தக் கார்ட்டூன் குழந்தைகளுக்கானது அல்ல. ஊரிலுள்ள அத்தனை அயோக்கியத்தனத்தையும் ஒரே குடும்பத்தின் தலையில் கட்டிச் சிரிக்கவைக்கிற நையாண்டித் தொடர். அப்பா பெயர் தொந்தி. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவான், ஆபீஸில் தூங்குவான், வீட்டுக்கு வந்தால் மகாராஜா. அம்மா பெயர் சிடுமூஞ்சி. முகத்தில் பாதி மூக்கு, மீதி வாய். பிள்ளைகள் இரண்டும் போனைப் பார்த்தபடியே இருக்கும், வாயைத் திறக்காது. அவற்றுக்குக் குரல் கொடுக்க ஆள் வைக்கவேண்டியதில்லை என்பதில் தயாரிப்பாளருக்குப் பரம திருப்தி.

சிடுமூஞ்சிக்குக் குரல் அவள். தொந்திக்குக் குரல் கொடுப்பவன் அவளுடைய கணவன். அதாவது, கணவனாக இருந்தவன். இப்போது அவள் வாயில் அவனுக்கு "அந்த ஆள்" என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்களைக் கூப்பிடும் வேலையில் இருந்தாள். அந்த ஆள் ஒரு சோபாக் கடை வாசலில் மைக்கைப் பிடித்துத் தள்ளுபடி விலையைக் கூவிக்கொண்டிருந்தான். கண் சிவந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், தன் எண்ணைக் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்கலாமே என்றுதான் என்றானாம். இதைக் கேட்டு மயங்காத பெண் உண்டா? அவளும் மயங்கினாள். அந்தக் குரலுக்காகக் கட்டிக்கொண்டவன் கடைசியில் அதே குரலுக்காகத்தான் அவளைத் துரத்தினான்.

கார்ட்டூன் வேலை இருவருக்கும் சேர்ந்தேதான் கிடைத்தது. வழக்கமாக இம்மாதிரித் தொடர்களுக்கு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் பதிவு செய்வார்கள். இவர்களை மட்டும் ஒரே அறையில் இரண்டு மைக்குகளுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் குறுக்கே வெட்டுகிற அழகு தனித்தனியாக எடுத்தால் வரவில்லை. எழுத்தாளருக்கு இது வசதியாகப் போயிற்று. வசனத் தாளில் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, "இங்கே சண்டை" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்தக் காலியிடத்தை இவர்கள் இரண்டு பேரும் சொந்தமாகப் பேசி நிரப்பவேண்டும். அதற்கு ஒரே விதி: பேச்சு விழக்கூடாது. பதில் சொல்லாமல் யார் நிறுத்துகிறார்களோ அவர்கள் தோற்றார்கள், எடுத்த பதிவும் வீண். அந்த ஆளுக்கு இதில் தலைகால் தெரியாத பெருமை. எவளும் தன்னை இதுவரை வாயடைத்ததில்லை என்று கேன்டீனில் சொல்லித் திரிவான்.

தொடர் ஓடிய வேகத்தில் சிடுமூஞ்சிக்கு மவுசு கூடியது. சோப்பு விளம்பரம், செருப்பு விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். தொந்தியை யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் அந்த ஆள் சாப்பாட்டில் குறை சொன்னான், அப்புறம் அவள் வரும் நேரத்தில் குறை சொன்னான், அப்புறம் பேச்சையே நிறுத்தினான். பொறாமை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவள் நாலு திட்டுத் திட்டிவிட்டு மன்னித்திருப்பாள். சொல்லமாட்டானே.

ஒருநாள் சாயங்காலம் விளம்பர வேலை முடிந்து, காய்கறிப் பையோடு படியேறி வந்து கதவில் சாவியை விட்டாள். நுழையவில்லை. மாடி மாறி வந்துவிட்டோமோ என்று எண்ணைப் பார்த்தாள். மாடி சரி, பூட்டுத்தான் புதிது. தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளே டிவி சத்தம் கூடியது. கீழே வந்தபோது வாட்ச்மேன் அவளுடைய பெட்டியை நீட்டினார், அவள் முகத்தைப் பார்க்காமல். அவர்களுடைய ஒரே மகள், பள்ளிக்கூடம் போகும் குழந்தை, அன்று அத்தை வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த குழந்தையிடம், அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று அந்த ஆள் சொன்னான். குழந்தை ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தது. காலியாக இருந்தது. அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அது எப்படி நம்பும்?

மகள் அப்பாவிடமே வளர்ந்தாள். இப்போது கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள், கல்யாணமும் ஆகிவிட்டது. அம்மாவோடு பேச்சு என்றால் பிறந்தநாளுக்கு ஒரு போன், அவ்வளவுதான். பூட்டு விஷயத்தை அவளிடம் அம்மா சொல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நேரில் உட்காரவைத்துச் சொன்னாள். மகள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ வாயால பிழைக்கறவம்மா, உனக்கு அழவும் தெரியும், அழற மாதிரி பேசவும் தெரியும்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வெறி. அந்த ஆள் வாயாலேயே அது வரவேண்டும், மகள் காதில் விழவேண்டும். அதற்காகத்தான் அப்புறமும் வேலையை விடாமல் இருந்தாள். பிரிந்த பிறகு இருவருக்கும் நடுவே மெத்தை வைத்த தடுப்பு ஒன்றைப் போடச் சொல்லி வாங்கியவளும் அவள்தான். தடுப்புக்குக் கீழே அந்த ஆளின் ஷூ முனை மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் அத்தனை வருஷமும் திட்டினாள். ஏசியை அவன் கூட்டினால் இவள் குறைப்பாள், இவள் இருமினால் அவன் டைரக்டரிடம் புகார் சொல்வான். இரண்டு பேரில் ஒருத்தர் போனாலும் தொடர் நின்றுவிடும் என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். சொந்த வாழ்க்கையின் குப்பையை எல்லாம் "இங்கே சண்டை"யில் கொட்டினார்கள். அவன் குறட்டை, அவள் சாம்பார், மாமியாரின் மூட்டுவலி எதுவும் பாக்கியில்லை. நாடு சிரித்தது.

பூட்டை மட்டும் தொட முடியவில்லை. ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அந்த ஆள் கப்சிப். முதலும் கடைசியுமாகத் தோற்றான். டைரக்டர் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டார். அன்று எதிரே கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை, அதனால்தான் ஜாக்கிரதையாக இருந்தான் என்று அவள் கணக்குப் போட்டாள். சோபாக் கடை வாசலில் கூட்டம் சேரச் சேர விலையைக் கண்டபடி குறைத்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கியவன் அல்லவா? சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தால் அவன் நாக்கு அவன் பேச்சைக் கேட்காது.

தொடரின் ஆண்டு விழாப் பகுதிக்கு அந்த வாய்ப்பு வந்தது. விளம்பரம் கொடுக்கும் சோப்புக் கம்பெனிக்காரர்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள் என்று பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அவர்கள் சிரிப்பு உள்ளே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆள் அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மைக்குக்குச் சட்டை எதற்கு? கூட்டம் என்றால் அவன் அப்படித்தான்.

சண்டை வந்தது. முதலில் அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். தொந்தி இரண்டு தடவை சிரிப்பு வாங்கினான், மூன்றாவதற்குக் கைதட்டலே விழுந்தது. ஷூ முனை தாளம் போட ஆரம்பித்ததைப் பார்த்தாள். அப்போதுதான் போட்டாள்.

"காய்கறிப் பையோட வாசல்ல நின்னேன்யா. சாவி நுழையல. பூட்டை மாத்தினது யாரு?"

ஷூ நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள், பதில் வருவதற்கு முன்பே களுக்கென்று சிரித்துவைத்தாள். அது போதுமாக இருந்தது.

"நான்தான்டி மாத்தினேன். மாத்தலன்னா நீ உள்ள வந்திருப்பியே."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்த ஆளுக்குப் போதை தலைக்கேறிவிட்டது. "உன் துணியெல்லாம் மடிச்சு வாட்ச்மேன்கிட்ட குடுத்தவனும் நான்தான். என் ஜென்மத்துலயே நான் துணி மடிச்சது அன்னைக்கு மட்டும்தான்."

"பொண்ணுகிட்ட என்னய்யா சொன்ன?"

"உங்கம்மா ஓடிப் போயிட்டான்னேன். அதுவும் நம்பிடுச்சு. என் பொண்ணாச்சே, மூளை அவ்வளவுதான்."

சோப்புக் கம்பெனி முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு அந்த ஆள் தொண்டையைச் செருமி, அது கொஞ்சம் ஓவராகப் போய்விட்டது, இன்னொன்று எடுக்கலாம் என்று கேட்டான். கை வைத்தால் கெட்டுவிடும் என்றார் டைரக்டர். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பாவம்.

படம் வரைந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த நாட்களில் ஒருநாள் அந்த ஆள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றான். தடுப்பில்லாமல் அவன் முகத்தை அவள் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. கன்னம் தொங்கி, கிழடு தட்டியிருந்தான். அந்தப் பகுதியை வெட்டச் சொல்லி டைரக்டரிடம் நீயும் சொன்னால் கேட்பார் என்றான்.

"வெட்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

"அதில்ல. நம்ம பொண்ணு ஒருத்திதான் என்னை மனுஷனா மதிக்கறா. அதையும் பறிக்கணுமா?"

"நீங்க என்கிட்ட பறிச்சதைத்தான் கேக்கறேன்."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே இருந்திருக்காது. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே மகளுக்கு மெசேஜ் அனுப்பினாள், இந்த வாரம் கட்டாயம் பார் என்று. மகள் எந்த வாரமும் தவறவிட்டதில்லை. அப்பாவின் குரலுக்காகப் பார்ப்பாள். மாலையில் இவள் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிகழ்ச்சி முடிந்திருக்கும் என்று நினைத்த நேரத்தில் போன் அடித்தது. மகள்தான். பிறந்தநாள் இல்லாத ஒரு நாளில் மகள் கூப்பிடுகிறாள். அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தித்தான் பச்சைப் பொத்தான் அகப்பட்டது.

"பார்த்தேன்" என்றாள் மகள். "எத்தனை நாளா திட்டம் போட்ட?"

அவளுக்கு விளங்கவில்லை. என்ன திட்டம் என்றாள்.

"உன் பூட்டுக் கதையை நான் நம்பல. இப்ப அதை அப்பா வாயில திணிச்சு எனக்கே போட்டுக் காட்டறியா? அப்பாகிட்ட கேட்டேன். வசனத் தாள்ல இருந்துச்சு, படிச்சேன்னார். பாவம், குரலே எழும்பல அவருக்கு."

"தாள்ல ஒண்ணும் கிடையாது. யாரும் எழுதல. அந்த ஆளா சொன்னது. உண்மையைச் சொன்னார்."

"கார்ட்டூன்ம்மா அது. இதே வாரம் தொந்தி ஒரு மந்திரியோட காதைக் கடிச்சுத் தின்னான். அதுவும் உண்மையா?"

அவளுக்கு வந்தது கோபம். இத்தனை வருஷம் ஷூ முனையைப் பார்த்துத் திட்டியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. "அடியே, நான் போகலடி, என்னைத் துரத்தினான்டி" என்று கத்தினாள். கதவைத் தட்டிக் கை வீங்கியதை, டிவி சத்தத்தைக் கூட்டியதை, பெட்டியை வாங்கிக்கொண்டு தெருவில் நின்றதை எல்லாம் மூச்சுவிடாமல் கத்தினாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கத்தக் கத்தச் சொற்கள் இழுத்தன, மூக்கில் ஏறின, முடிவில் உச்சிக்குப் போய்க் கிறீச்சிட்டன.

போனின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "உங்கம்மாவா? அப்படியே சிடுமூஞ்சி. ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்றான்.

மகள் போட்டாள். அவளால் நிறுத்த முடியவில்லை. கோபம் வந்தால் அவளிடம் அந்த ஒரு குரல்தான் இருந்தது.