கல் தின்னும் பிள்ளைகள்

கண்ணுக்குத் தெரியாத உயிரை வளர்ப்பது என் தொழில்; அது செத்தாலும் சட்டென்று தெரியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் என் பாடு புரியும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் பின்பக்க ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். தாமிரமும் கந்தகமும் பிணைந்து கிடக்கும் கல்லைப் பொடித்து, அமிலத் தண்ணீரில் போட்டு, அதில் ஒரு வகை பாக்டீரியாவை விடுவோம். அது கல்லில் இருக்கும் இரும்பையும் கந்தகத்தையும் தின்னும். தாமிரம் பிடி விட்டுத் தண்ணீரில் கரைந்து வரும். வாராவாரம் பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் புதியதில் ஊற்ற வேண்டும். தயிருக்கு ஊற்றுவது போலத்தான். நாங்களும் அதை உறை என்றே சொல்வோம்.

பஸ்ஸில் வந்த கேன்

முதல் உறையைக் கொண்டுவந்தவர் கதிரேசன் அண்ணன். எங்கள் கூடத்தின் மூத்த டெக்னீஷியன், செட்டிகுளத்துக்காரர். அரியலூர் பக்கம் யாரும் சீந்தாத ஒரு பழைய குழியில், கருப்புக் களிமண்ணிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்திருக்கிறார். ஒரு கேனில் பிடித்து பஸ் ஏறிவிட்டார். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் கேனை மடியை விட்டு இறக்கவில்லையாம். கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து கேட்டாராம்: "சார், ஆசிட்டுன்னா இறங்கிடுங்க. தீர்த்தம்னா எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

மெல்லுகிற வேகம்

தாமிரம் அந்தப் பாக்டீரியாவுக்கே விஷம். அண்ணன் ஒவ்வொரு உறைக்கும் இம்மியளவு தாமிரத்தைக் கூட்டிக் கூட்டி, வருடக்கணக்கில் அதைப் பழக்கினார். அப்படிப் பழகிய உறை வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்காது. உலையில் போட்டால் கட்டுப்படியாகாத மட்டமான கல் ஒரு நிறுவனத்திடம் குவிந்து கிடந்தது. அதன் அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். அந்தக் கல்லில் எங்கள் உறை வேலை செய்தால்தான் கூடம் தொடர்ந்து நடக்கும், இல்லையென்றால் பூட்டுதான் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

மாதக்கணக்கில் ஆகும் என்றதும் அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "உலைன்னா ஒரே நாள்ல உருகிடுமே, இதுங்க ஏங்க இப்படி மென்னுக்கிட்டே கெடக்குது?" என்றார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உலை ஊர் பூரா புகை விடும் சார். இதுங்க ஏப்பம்கூட விடாது."

பிள்ளைகள்

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தினமும் காலையில் அங்கிருந்து எனக்குப் போன் வரும். "மும்தாஜ், புள்ளைங்க சாப்பிட்டாங்களா? சூடு தாங்குறாங்களா?" நான் ஒவ்வொரு குடுவையாகச் சொல்ல வேண்டும். எரிச்சல் வரும். ஒரு நாள் போன் வரத் தாமதமானால் அதைவிட அதிகமாகப் பயம் வரும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ், அவர் மனைவி ராஜேஸ்வரி அண்ணியிடம் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்திருக்கிறார். அண்ணி சொன்ன பதில்: "எங்களுக்கு ஒரே பொண்ணுதாம்மா. மத்ததெல்லாம் பாட்டில்ல இருக்கு."

தாகம்

நோன்புப் பெருநாளுக்கு லப்பைக்குடிக்காட்டில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது எல்லாக் குடுவையிலும் தண்ணீர் வெளுத்து, அடியில் துருச்சேறு படிந்திருந்தது. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீ போடும் பாத்திரமே வெள்ளை பூத்துவிடும். அத்தனையும் சுண்ணாம்பு. அந்தத் தண்ணீர் அமிலத்தை முறித்துவிட்டால் எங்கள் பாக்டீரியா பிழைக்காது. மாற்று உறை வைக்கும் ஃப்ரிட்ஜும் பழுதாகிக் கிடந்தது.

கூடம் பெருக்கும் மாரியாயி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் வற்றிய குடுவைகளில் போர் தண்ணீரை நிரப்பி வைத்தது அவர்தான். எனக்கு வந்த கோபத்தில் திட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "வத்திப்போயி கெடந்துச்சும்மா. பாவம், தாகமா இருக்குமேன்னு ஊத்துனேன்."

தயிருக்குப் பின்னால்

அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். இந்த நிலையில் அவரிடம் சொல்லித்தான் இருக்க வேண்டுமா என்று என்னை நானே நொந்துகொண்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அழுவாத. எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல, தயிருக்குப் பின்னாடி ஒரு புட்டி வச்சிருக்கேன். போயி வாங்கிட்டு வா."

விளக்கு வைத்த பிறகு

அன்று மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க அண்ணி செட்டிகுளம் வந்திருந்தார். நான் போய்ச் சேரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி புட்டியை எடுத்து வந்தார். கொடுக்கப் போனவர் சாமி விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "வெளக்கு வச்சாச்சும்மா. உறைன்னு நீங்களேதான் சொல்றீங்க. அவரு அங்க கெடக்கையில, இந்த நேரத்துல இந்த வூட்டுலேருந்து எப்படி உறை குடுப்பேன்?"

நான் அறிவியல் பேசவில்லை. என் மாமியாரும் அந்தி சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்ன பிறகு உப்பு கொடுக்க மாட்டார். "காலைல வரேன் அண்ணி" என்று திரும்பிவிட்டேன்.

காலையில் தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. விடியும் முன்பே அண்ணன் போய்விட்டார், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணிக்கு மறக்கவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், புட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "விடிஞ்சிருச்சு. இனி குடுக்கலாம், எடுத்துட்டுப் போ."

அந்த உறை பிடித்துக்கொண்டது. அதிகாரி மறுபடி வந்தபோது தாமிரம் கரைந்து தண்ணீர் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது, கூடத்தைப் பூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இல்லாத வேலை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அண்ணனை எடுத்த அன்றும் அவர் வீட்டிலிருந்து நேராகக் கூடத்துக்குத்தான் போனேன், விளக்கு வைப்பதற்குள் உறை ஊற்றிவிட வேண்டும் என்று.