எர்த் குழிக்கு இரண்டு குடம்

என் வீட்டுக்காரர் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருந்தார். இருபது வருஷத் தூசி நெஞ்சில் தங்கி, கடைசியில் மூக்கில் குழாயோடு படுத்துவிட்டார். ஆக்சிஜன் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கோவில்பட்டியில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போகும். அதனால் மில்லை விற்று, கரண்ட் போனதும் தானாக ஓடுகிற ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் பின்வாசலில் வைத்தோம்.

"இனி என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாத. எதுன்னாலும் இங்கனயே நடக்கட்டும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இடி மின்னல் நேரத்தில் லைனில் கரண்ட் எகிறினால் ஜெனரேட்டருக்குள் இருக்கும் போர்டு கருகிவிடும் என்று, எலக்ட்ரீசியன் தம்பி ஒரு சின்ன டப்பா மாட்டினார். அதிலிருந்து ஒரு கம்பியை, பின்சுவர் ஓரம் தோண்டிய எர்த் குழிக்குள் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்.

"அக்கா, எகிறி வார கரண்டை இந்த டப்பா மண்ணுக்குத் தள்ளிவிடும். அதை மண்ணு வாங்கணும்லா? இது கரிசல். காஞ்சா வெடிச்சு கம்பிய விட்டு விலகிரும். கோடையில வாரம் ரெண்டு குடம் ஊத்திருங்க."

இரண்டு வாரம் ஊற்றினேன். குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்த நேரம் அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மதினி பார்த்துவிட்டார்.

"ஏட்டி, நாங்க வாய் கொப்பளிக்கவே யோசிக்கோம். நீ செடி இல்லாத குழிக்கு ஊத்திக்கிட்டு நிக்க. இரும்பு மொளைக்குமோ?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மீதித் தண்ணீரோடு உள்ளே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஊற்றவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்காரர் கேட்பார்: "குழிக்கு ஊத்துனியா?"

"ஊத்திட்டேன்."

அவரால் எழுந்து வந்து பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் ஒரு மத்தியானம். மழைக்கு முன்னால் இடி விழுந்தது. பல்பு ஒருமுறை பளீரென்று எரிந்து அணைந்தது. ஆக்சிஜன் மெஷின் கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டர் ஓடவில்லை. ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். தீய்ந்த வாடைதான் வந்தது. திரும்பி வந்தால் அவர் உதடு கறுத்துக்கொண்டிருந்தது.

நானும் அதே மதினியும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் என் கையைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் எலக்ட்ரீசியன் தம்பி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். வீட்டுக்குப் போய்க் குழியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலேயே தெரிந்தது.

"போர்டு போச்சு அண்ணாச்சி."

வீட்டுக்காரர் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "குழியில குத்தமில்லடே. இவ ஒரு வாரங்கூடத் தவறாம தண்ணி ஊத்துனா. உன் டப்பாதான் சரியில்ல."

தம்பி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமா அண்ணாச்சி, டப்பாதான் சரியில்ல" என்றார்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மாஸ்க்கைச் சரிசெய்து அவர் மூக்கில் வைத்தேன். மறுநாள் காலையில், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் போய்விட்டார்.