குனிந்து பார்த்துவிட்டு

கால்வரை தொங்கும் கறுப்பு அபாயாவின் ஓரத்தை இடது கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையை பம்பரில் ஊன்றி, ஸுவைனா குனிகிறாள். முதலில் முன்சக்கரம். நாக்கைத் தட்டி ஒரு சின்ன ஓசை. பிறகு பின்சக்கரம், அதே ஓசை. நிழலுக்குப் படுத்திருந்த பூனை சலித்துக்கொண்டே வெளியே வந்து, அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, பக்கத்து வண்டியின் அடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. அதன் பிறகுதான் சாவி மாணவியின் கைக்குப் போகும்.

"பாக்காம வண்டி எடுக்கறவ என்கிட்ட படிச்சவன்னு வெளிய சொல்லக் கூடாது. வேற யார் பேரையாவது சொல்லிக்க."

ஓமானில், நிஸ்வா ஊரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அந்தச் சின்ன காருக்குள் எப்போதும் ஏலக்காய் வாசனை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும் புதுப்பெண்களிடம், "கழுத்தை நெரிக்காதேம்மா, அது உன் மாமியார் இல்ல" என்பாள். பின்னால் எடுத்துப் பழக நிறுத்தியிருக்கும் டிரம்மை யாராவது இடித்துவிட்டால் திட்ட மாட்டாள். டப்பாவைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டுவாள். "டிரம்முக்கு வலிக்காது. இதைத் தின்னுட்டுத் திரும்ப எடு."

அவள் கணவன் கல்ஃபான், சித்தப்பாவின் மகன். மின்சார அலுவலகத்தில் வேலை, குறைந்த பேச்சு. அவளைப் "பெரியப்பா மகளே" என்றுதான் அழைப்பான். அந்த வீட்டில் மனைவியை அழைக்க அதைவிட நெருக்கமான சொல் கிடையாது. திருமணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. கல்ஃபானின் தம்பி மனைவி ஷேய்காவும் அதே குடும்பத்துப் பெண்தான்; அவளுக்குப் பிறந்த இரண்டும் கழுத்து நிற்காமலே, தவழாமலே போய்விட்டன. கண்ணேறு என்றார்கள். ஷேய்காவும் அதையே பிடித்துக்கொண்டு எழுந்து நடமாடினாள்.

மஸ்கட்டில் மருத்துவரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கருவை வெளியில் உருவாக்கும் சிகிச்சை தொடங்குவதற்கு முன் இருவரும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது என்றார். "உங்க தம்பி குழந்தைங்களுக்கு இருந்திருக்கக்கூடிய குறை உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, கரு வெளியில இருக்கும்போதே சோதிச்சு, நோய் இல்லாததை உள்ள வைக்கலாம். இல்லேன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வைக்கணும். முடிவு உங்களோடது."

திரும்பும் வழியில் அவள்தான் வண்டி ஓட்டினாள். மலை தெரியத் தொடங்கியதும் கல்ஃபான் சொன்னான்: "பெரியப்பா மகளே, நீ சொல்றதுதான்."

அவள் சொல்லவில்லை. ரமலான் போகட்டும் என்றாள். பிறகு பெருநாள் போகட்டும் என்றாள். பிறகு பேரீச்சை அறுப்பு முடியட்டும் என்றாள். ஊசிக்கு அவள் பயப்படவில்லை. சோதனை முடிந்ததும் வீட்டில் எழப்போகும் முதல் கேள்விக்குத்தான் பயந்தாள்: யாரிடமிருந்து? அவளிடமிருந்து என்றால் மாமியார் மோஸா மகனுக்கு இன்னொரு பெண் பார்ப்பாள். அவனிடமிருந்து என்றால் ஆண்கள் கூடத்தில் அவன் குரல் இறங்கிப்போகும். எது வந்தாலும் ஷேய்காவின் கண்ணேறு பொய்யாகும்.

அந்த நாட்களில் அவளிடம் படித்துக்கொண்டிருந்தவள் ராயா, அண்டை வீட்டுப் பெண். ஒருநாள் இரண்டு டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்கும்போது ராயா கண்ணாடியையே பார்க்கவில்லை. டமார்.

"ஏன்டி கண்ணாடியைப் பாக்கல?"

"பாத்தா பயமா இருக்கு டீச்சர். பாக்காம விட்டா ஒருவேளை நேரா போயிடும்னு…"

இதற்கென்று ஸுவைனாவிடம் ஒரு கிண்டல் எப்போதும் தயாராக இருக்கும். அன்று வரவில்லை. பேரீச்சம்பழத்தை எடுத்தாள், நீட்ட மறந்து தானே தின்றாள். கொட்டையை வெகுநேரம் வாய்க்குள் வைத்திருந்தாள். அன்று மதியம் சோற்றுத்தட்டின் முன் கல்ஃபானிடம் சொன்னாள்: "வியாழக்கிழமை லீவு சொல்லிடுங்க. ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்."

சில வாரங்களில் முடிவு வந்தது. இருவரிடமும் இருந்தது. தாத்தா ஒருவரே. வேறெங்கே போகும் அது?

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களும் இந்தப் பக்கம் பெண்களும் கஹ்வா காப்பிக்கு உட்கார்ந்தார்கள்.

"யார்கிட்டேருந்தாம்?" சோதனையில் குறை தெரிந்ததை ஸுவைனா சொன்னதும் மோஸா நேராகவே கேட்டாள்.

கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்த ஷேய்காவின் கை நின்றது.

"என்கிட்டேருந்துதான் சித்தி" என்றாள் ஸுவைனா. "வைத்தியம் இருக்கு. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாருக்கும் நிக்காஹுக்கு முன்னாடி பாத்துடணும். அதுல மட்டும் சாக்கு சொல்லாதீங்க."

மோஸா சுவரைப் பார்த்து, "என் மகனுக்கு இன்னும் வயசு இருக்கு" என்றாள். ஷேய்கா மறுபடி ஊற்ற வந்தாள். ஸுவைனா கிண்ணத்தை இரண்டு விரலில் பிடித்து லேசாக ஆட்டினாள். போதும்.

சிகிச்சை தொடங்கியது. இன்னொரு பெண் என்ற பேச்சு வரும் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மாமியார் இவளைப் பார்க்கும்போது கண்ணில் கோபத்துக்குப் பதில் ஒருவிதக் குழப்பம்தான் இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை.

டிரம் தேர்வில் ராயா தேறிய பிறகு, சாலைப் பயிற்சியின் முதல் நாள். வழக்கம்போல் குனிந்து பார்த்தாயிற்று, பூனையை விரட்டியாயிற்று. இருவரும் ஏறி உட்கார்ந்ததும் ராயா சாவியைப் பிடித்தபடி தயங்கினாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அந்த வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் உங்க வீட்டு ஆம்பளைங்க கூடத்துல இருந்தானாம். உங்க வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் சொன்னாராம், 'குறை என்னோடது. பெரியப்பா மககிட்ட ஒண்ணும் இல்ல. யாரும் அவகிட்ட இதைப் பத்திக் கேக்கக் கூடாது'ன்னு. சொல்லிட்டுக் கிண்ணத்தை ஆட்டிக் குடுத்துட்டாராம்."

ஸுவைனா முன்னால் இருந்த சாலையைப் பார்த்தாள்.

"எடுக்கவா டீச்சர்?"

"இரு."

கதவைத் திறந்து இறங்கினாள். காரைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குனிந்தாள். அடியில் எதுவும் இல்லை. ராயாவுக்குப் பக்கக் கண்ணாடியில் அவளுடைய அபாயாவின் ஓரம் மட்டும் தெரிந்தது. எப்போதும் சுருட்டிப் பிடிக்கும் கை இன்று விட்டுவிட, அது புழுதியில் கிடந்தது.