நான்கு ஆறு இரண்டும் ஆறு நான்கு இரண்டும்

அந்த வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது. இப்போது எழுதும்போது இது பளிச்சென்று தெரிகிறது. அன்று ரயிலில் உட்கார்ந்திருந்தபோது அப்படித் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். புதன்கிழமை முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழிந்தது. ஆம்பூருக்குத் திரும்பியதும் அம்மாவுக்கு வாந்தி, குளிர் நடுக்கம். நானும் கணவரும் இரவெல்லாம் விழித்திருந்தோம். விடிகிற நேரத்தில் அம்மா கொஞ்சம் தெளிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். விமான நிலையத்தில் வேலை என்றால் எங்கள் தெருவில் முதல் கேள்வி, "ஏர் ஹோஸ்டஸா?" என்பதுதான். இல்லை என்றால் இரண்டாவது கேள்வி வராது. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பைலட்டுகளோடு பேசுவது என் வேலை. யார் எந்த உயரத்தில் பறக்க வேண்டும், யார் முதலில் இறங்க வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்று சொல்வேன். நான் சொன்னதை பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னாரா என்று நான் கேட்க வேண்டும். எங்கள் வேலையில் பேசுவது பாதி, கேட்பது பாதி. களைப்பு வந்தால் முதலில் போவது கேட்கிற பாதிதான்.

பணியில் உட்காரும் முன் ஒரு படிவம் உண்டு. போதிய ஓய்வு எடுத்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் விடுப்பில் இருந்தார்கள். 'இல்லை' என்று எழுதினால் எனக்கு முன்னால் விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்க முடியாது. அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன.

அவர் என்னிடம் ஒவ்வொரு விமானமாக ஒப்படைத்தார். சில நிமிடங்கள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதே கவனித்துவிட்டேன். ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள். ஒன்றின் எண் நான்கு ஆறு இரண்டு. இன்னொன்று ஆறு நான்கு இரண்டு. இப்படி ஒலிக்கிற எண்கள் ஒரே அலைவரிசையில் வந்தால், உங்களைப் போலவே ஒலிக்கும் இன்னொரு எண் இருக்கிறது, கவனம் என்று இரண்டு பைலட்டுகளுக்கும் சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் வேறொருவர் அழைத்தார். பிறகு இன்னொருவர். அடுத்த இடைவெளியில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இடைவெளி வரவில்லை. ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று வந்தது. ஆபத்தில் இருக்கும் விமானத்துக்கு முதலிடம், அடுத்து நோயாளியோடு வருகிற விமானம், மற்றவர்கள் வந்த வரிசையில். வரிசையில் முன்னால் இருந்த ஆறு பேரைக் கலைத்து அதற்கு வழிவிட்டேன். நான்கு ஆறு இரண்டை ஏழாயிரம் அடியிலும், ஆறு நான்கு இரண்டை அதற்கு நேர் மேலே எட்டாயிரம் அடியிலும் வட்டமிடச் சொன்னேன். இருவருக்கும் நடுவே ஆயிரம் அடி இருக்க வேண்டும் என்பது விதி.

ஆம்புலன்ஸ் தரைதொட்டதும் கீழே இருந்தவரை முதலில் இறக்க நினைத்தேன்.

"ஃபோர் சிக்ஸ் டூ, ஐயாயிரம் அடிக்கு இறங்குங்கள்."

"ஐயாயிரம் அடிக்கு இறங்குகிறோம், சிக்ஸ் ஃபோர் டூ."

பதில் சொன்னது மேலே இருந்தவர். தன் எண்ணைத் தெளிவாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. காது கேட்டது, நான் கேட்கவில்லை. அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன்.

சில நொடிகளில் திரையில் இரண்டு புள்ளிகளும் சிவப்பாயின. எட்டாயிரத்தில் இருக்க வேண்டியவர் ஏழாயிரத்து எழுநூறில் இருந்தார், இறங்கிக்கொண்டும் இருந்தார். அவர் எண்ணைச் சொல்லி, இறங்குவதை நிறுத்துங்கள் என்று ஆரம்பித்தேன். அதற்குள் பைலட்டின் குரல், மோதலைத் தவிர்க்கும் கருவி கட்டளை கொடுக்கிறது, அதன்படி போகிறோம் என்றது. அப்படி ஒரு பைலட் சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒன்று சொல்லி, கருவி இன்னொன்று சொன்னால் விபரீதம். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு "ரோஜர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் மேலே ஏறினார், ஒருவர் கீழே இறங்கினார். புள்ளிகள் விலகின. நடுவே இருந்தது அறுநூறு அடி என்று பிறகு சொன்னார்கள்.

பின்னால் வந்து நின்ற ஷிப்ட் கண்காணிப்பாளர் என் தோளைத் தொட்டார். "எழுந்திரிங்க மேடம். நான் பாத்துக்கறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதச் சொன்னார்கள். குடித்திருக்கிறேனா என்று பார்ப்பது வழக்கமான நடைமுறை. ஊதினேன். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும் வரை பணி இல்லை என்றார்கள். மதிய ரயிலில் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தபோது ஷூ கம்பெனிகள் விடுகிற நேரம். சாலை முழுக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கணவர் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து முடித்த ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஊசி தவறிய இடத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்பு யார் லைன்லயும் வரும். எங்க கம்பெனில டேப் ஒட்டி ஓரமா வெச்சிருவோம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"அதுல ஆளுங்க இருந்தாங்க. ஷூ இல்ல" என்றேன்.

அவர் எழுந்து போய் அம்மாவுக்குக் கஞ்சி எடுத்து வந்தார். ஆறுதல் சொல்ல வந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன் என்பது தெரிந்தது. மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை.

ஐந்து வாரம் வீட்டில் இருந்தேன். தூங்கினேன். எழுந்தால் அலுப்பாக இருக்கும், மறுபடி தூங்குவேன். துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, இந்தத் தடவ லீவு ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அம்மா கேட்டாள். ஒருநாள் வேலூர் பஸ்ஸில், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் வாந்தி எடுத்த அன்னிக்குத்தான?"

"எது?"

"உனக்கு வேலைல ஆச்சே, அது. என்னாலதான?"

"உன்னால இல்லம்மா. அது வேற."

அம்மா நம்பவில்லை. அடுத்த முறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரவேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருகிற ஒருத்தி எனக்கு ஓய்வு கொடுக்கிறாள். அந்த நாட்களில் தூக்கமும் வரவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு உடன் வேலை செய்கிறவர் ஒருவர் போன் செய்தார். "நீங்க சொன்ன நம்பர் கரெக்ட்டு. வேற நம்பர் பதில் சொன்னது பைலட் தப்பு. அத மட்டும் சொல்லுங்க. கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க." நல்லவர். என் மேல் அக்கறையோடுதான் சொன்னார்.

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மூத்த அதிகாரி ஒலிப்பதிவைப் போட்டார். என் குரலை நான் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. சொற்களின் கடைசி எழுத்துகள் தேய்ந்திருந்தன. படியேறி வந்து பேசுகிறவள் போல ஒலித்தேன். பிறகு பைலட்டின் குரல். சிக்ஸ் ஃபோர் டூ. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"அவர் நம்பரத் தெளிவா சொல்லியிருக்காரு. உங்களுக்கு ஏன் தெரியல?" என்று அதிகாரி கேட்டார்.

"ஃபோர் சிக்ஸ் டூ பதில் சொல்லும்னு எதிர்பார்த்தேன் சார். எதிர்பார்த்ததே காதுல விழுந்திருச்சு."

அவர் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி ஏதோ நேரம் பற்றியது. அவர் தாளைத் திருப்பியபோது விசாரணை முடியப்போகிறது என்று புரிந்தது. ஒலிப்பதிவில் நான் பேசியது இருக்கிறது. நான் பேசாமல் விட்டது இல்லை.

"சார், இன்னொண்ணு. நம்பர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு உக்காந்த உடனே கவனிச்சேன். எச்சரிக்கை சொல்லணும்னு தெரியும். அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன். படிவத்துல ரெஸ்ட் எடுத்தேன்னு எழுதினதும் உண்மை இல்ல. முந்தின நாள் நான் தூங்கல."

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். "ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார்.

"ஆள் இல்ல சார்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்குமே தெரியாத விஷயம். நீயே போய் ஏன் வாயக் குடுத்த? வேலையே பூட்டா இன்னா பண்றது? அம்மா மாத்திரைக்கு இன்னா பண்றது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்களைக் கவனித்தது நான் ஒருத்திதான், அதைச் சொல்லாமல் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் மாத்திரைகளோடு திரும்பி வந்தார். அந்தப் பேச்சை நாங்கள் பிறகு எடுக்கவில்லை.

வேலை போகவில்லை. பைலட் மேலும் என் மேலும் தவறு என்று அறிக்கை வந்தது. எண்களைக் கவனித்தும் எச்சரிக்காததைத் தனிப் பத்தியாக எழுதியிருந்தார்கள். ஓய்வு இல்லாதவர்களை உட்கார வைக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. கூடுதல் ஆள் பற்றி எதுவும் இல்லை. எனக்கு மறுபயிற்சி. பதினேழு வருடம் செய்த வேலையைப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிக்கச் செய்தேன். அவர் என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் ஒவ்வொரு முறை பேசும்போதும் அவர் விரல் மேஜையில் லேசாகத் தட்டும். வாய்மொழித் தேர்வில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடத்தையே கேட்டார்கள். சொன்னேன். தேறினேன்.

திரும்பி வந்த இரண்டாம் மாதம், அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தூங்காமல் போன ஒருநாள், படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கண்காணிப்பாளர் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, நீங்க போன் எடுங்க" என்று பக்கத்து மேஜையைக் காட்டினார். அன்று எனக்கு பதிலாக உட்கார்ந்தவருக்கு மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத்தான். அவர் என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. எனக்கும் பெருமையாக எதுவும் இல்லை. யாரோ ஒருவர் தலையில் பாரம் விழத்தான் செய்கிறது.

அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணை மூடியதுதான் தெரியும். விழித்தபோது ஆம்பூர் தாண்டி இரண்டு ஸ்டேஷன் வந்திருந்தேன். இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கணவருக்கு போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

சொன்னேன். அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

"அங்கியே இரு. டீ குடி. வண்டி எடுத்துனு வர்றேன்."

டீ வாங்கினேன். சர்க்கரை ஜாஸ்தி. முழுவதும் குடித்தேன்.